நீலப் புள்ளி காட்டிய வீடு

நிலம் அளக்கப் போகும் இடங்களில் யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார். "போன்லயே எல்லாம் காட்டுதே சார், இதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய மிஷினு?"

எனக்குப் பிடித்த கேள்வி அது. திருவண்ணாமலையில் ஒரு சின்ன சர்வே அலுவலகத்தில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். வேங்கிக்கால் பக்கம் வீட்டு மனை, கீழ்பென்னாத்தூர் பக்கம் வயல் என்று அளந்துகொண்டிருப்பதுதான் பிழைப்பு. கேட்டவரை நிழலுக்குக் கூட்டிப்போய், அவர் போனையே வாங்கி வரைபடத்தைத் திறந்து காட்டுவேன். நீலமாக ஒரு புள்ளி தெரியும். அதைச் சுற்றி வெளிறிய நீலத்தில் ஒரு வட்டம் தெரியும். புள்ளியைப் பார்க்காதீங்க, வட்டத்தைப் பாருங்க என்பேன். இந்த வட்டத்துக்குள்ள எங்கியோ இருக்கீங்கன்னு மட்டும்தான் உங்க போன் சொல்லுது.

பிறகு விவரத்துக்குப் போவேன். மேலே சுற்றுகிற செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் சேதி கீழே வந்துசேர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்துப் போன் தூரத்தைக் கணக்குப் போடுகிறது. நாலைந்து செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும். வழியில் ஒரு சுவரிலோ பாறையிலோ பட்டுத் தெறித்து வந்தால் சேதி தாமதமாகும். போன் அதைத் தூரம் ஜாஸ்தி என்று எடுத்துக்கொள்ளும். எங்கள் மலையடிவாரத்தில் இது சாதாரணம். அதனால்தான் நாங்கள் இரண்டு கருவி வைக்கிறோம். இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு புள்ளியில் ஒன்றை அசையாமல் நிறுத்திவிடுவோம். வானத்திலிருந்து வருவதில் எவ்வளவு பிசகு என்று அது சொல்லும். கம்பில் மாட்டிக் கையோடு கொண்டுபோகும் இன்னொன்று அந்தப் பிசகைக் கழித்துக்கொள்ளும். அப்போதுதான் விரலகலத்துக்குக் கணக்கு நிற்கும். கட்டடத்துக்குள் போய்விட்டால் போனுக்குக் கோளே தெரியாது. அப்போது அது பக்கத்திலிருக்கும் வைஃபை பெட்டிகளைத் தேடும். இந்தப் பெட்டி முன்பு எந்த இடத்தில் இருப்பதாகப் பதிவாகியிருக்கிறதோ அங்கேதான் நாமும் இருக்கிறோம் என்று முடிவுகட்டிவிடும்.

இவ்வளவும் சொல்லி முடிக்கையில் கேட்டவர் தலையாட்டுவார். எனக்கு உள்ளூர ஒரு பெருமை வரும். போனை நம்பி ஏமாறுகிற ஆள் நான் இல்லை என்ற பெருமை.

என் மனைவியின் போனில், அவள் இருக்குமிடம் என் போனில் தெரியும்படி நான் போட்டுவைத்தது ஒரு பௌர்ணமி மாலை. அதற்கு முந்தைய பௌர்ணமிக்குக் கிரிவலம் போனபோது, அடி அண்ணாமலைக்குச் சற்று முன்னால் கூட்டத்தில் அவளும் மகளும் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிட்டோம். அத்தனை பேர் ஒரே இடத்தில் கூடினால் போன் லைன் கிடைக்காது. ஒரு மணி நேரம் அலைந்து, ஒரு மோர் வண்டிக்குப் பக்கத்தில் இரண்டு பேரையும் கண்டுபிடித்தேன். ஆறாம் வகுப்புப் படிக்கிற மகள் அழுதுகொண்டிருந்தாள். அடுத்த முறை லைன் கிடைக்காவிட்டாலும் கடைசியாக எங்கே இருந்தார்கள் என்றாவது தெரியட்டும் என்று, கிளம்புவதற்கு முன் மனைவியின் போனை எடுத்தேன். எவ்வளவு நேரத்துக்கு என்று அது கேட்டது. ஐந்து மணி நேரம் என்று குறித்திருக்கலாம். 'நிறுத்தும் வரை' என்று இருந்ததைத் தொட்டேன். கை தவறித் தொடவில்லை.

மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே அவள் கேட்டாள், "இன்னா பண்றீங்க என் போன்ல?"

கூட்டத்தில் தொலைந்துபோகாமல் இருக்கத்தான் என்றேன். சரி என்றாள். கிரிவலம் நல்லபடியாக முடிந்தது. மறுநாளே அவள் அதை மறந்துபோனாள். நான் மறக்கவில்லை.

வயலில் கருவியை நிறுத்தினால் அது கோள்களைப் பிடித்து நிதானத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் போனை எடுத்துப் பார்ப்பேன். இப்போது ரேஷன் கடையில் இருக்கிறாள், இப்போது மகளின் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறாள், இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். அதைப் பாசம் என்றுதான் நினைத்துக்கொண்டேன். பிறகு காத்திருக்கும் நேரமில்லாதபோதும் பார்க்க ஆரம்பித்தேன். சாப்பிடும்போது பார்த்தேன். வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று கணக்கே இல்லை.

அவள் பி.காம். படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை குரூப் நாலு பரீட்சை எழுதி, கொஞ்சத்தில் விட்டவள். மகள் வளர்ந்துவிட்டாள், மறுபடி எழுதிப் பார்க்கிறேன் என்றாள். போ என்று நான்தான் சொன்னேன். கலெக்டர் ஆபீஸைத் தாண்டி, வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய ஒரு மாடியில் ஒரு வாத்தியார் வகுப்பு ஆரம்பித்திருந்தார். செவ்வாய், வியாழன், சனி. பத்தரையிலிருந்து ஒரு மணி வரை. முதல் வாரமே அவள் முகத்தில் ஒரு தெளிச்சி வந்துவிட்டது. புதுப் பை வாங்கினாள். சாதம் வடித்துக்கொண்டே மன்னர்கள் பெயரை வரிசையாகச் சொல்லுவாள். ராத்திரி சாப்பாட்டின்போது அன்றைக்கு வகுப்பில் யார் என்ன கேட்டார்கள், வாத்தியார் எதற்குக் கோபித்துக்கொண்டார் என்று சிரித்துச் சிரித்துச் சொல்லுவாள். நன்றாக இருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. அதற்கு நான் காரணமில்லை என்பதும் தெரிந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை. கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு மணிலாக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு போனைப் பார்த்தேன். புள்ளி வேங்கிக்காலில் அந்தப் புதுக் கட்டடம் வரைக்கும் போனது. அங்கே ஒரு நிமிடம் நின்றது. அடுத்த முறை பார்த்தபோது செங்கம் ரோட்டுக்குப் பின்னாலிருக்கும் ஒரு தெருவில் இருந்தது. ஊரின் இன்னொரு கோடி. ஒரு மணி வரைக்கும் அங்கேயே இருந்தது. பிறகு திரும்பவும் வேங்கிக்காலில் தெரிந்து, பஸ் வழியாக வீட்டுக்கு வந்தது.

வியாழக்கிழமையும் அப்படியே. சனிக்கிழமையும் அப்படியே.

ஒரு நிமிடத்தில் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு யாரும் போக முடியாது. நான் அளக்கும் ஒரு புள்ளி அப்படித் தாவியிருந்தால், பிசகு என்று எழுதி அழித்துவிட்டு மறுபடி அளந்திருப்பேன். அதைத்தானே பதினாறு வருடமாகச் செய்கிறேன். இந்தத் தாவலைப் பார்த்தபோது, யாரோ பைக்கில் வந்து கூட்டிக்கொண்டு போகிறான் என்று நினைத்தேன். வேகமாக ஓட்டுகிறவன் என்றுகூட நினைத்தேன்.

சுற்றிவளைத்துக் கேட்க ஆரம்பித்தேன். இன்றைக்கு எந்த பஸ்ஸில் வந்தாய், கூட்டமா, என்ன பாடம் நடந்தது, பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள். அவள் எல்லாவற்றுக்கும் சந்தோஷமாகப் பதில் சொன்னாள். இத்தனை வருடத்தில் நான் அவளிடம் இவ்வளவு விசாரித்ததில்லை. பாடத்தில் எனக்கு அக்கறை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நோட்டையே எடுத்துவந்து காட்டினாள். அவள் கையெழுத்தில் தேதி போட்டு, பக்கம் பக்கமாகப் பாடம் இருந்தது. நோட்டைப் பார்த்த பிறகும் நான் நம்பியது புள்ளியைத்தான். யாரிடமாவது வாங்கிப் பார்த்து எழுதியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வியாழக்கிழமை வேலையைப் பாதியில் விட்டேன். கருவியில் பேட்டரி இறங்கிவிட்டது என்று கூட வந்தவரிடம் பொய் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். பதினொன்றரை மணிக்கு அந்தத் தெருவில் இருந்தேன். போனில் பார்த்தால் அவளுடைய புள்ளி அங்கே இருந்தது. வட்டத்துக்குள் எதிரும் புதிருமாக ஏழெட்டு வீடு இருந்தது. நான் வட்டத்தைப் பார்க்கவில்லை. புள்ளிக்கு நேராகப் பச்சைக் கேட் போட்ட ஒரு மாடி வீடு. கீழ்ப் போர்ஷனின் கதவைத் தட்டினேன்.

லுங்கி பனியனில் ஒருவர் கதவைத் திறந்தார். என் வயதுதான் இருக்கும். கையெல்லாம் ஈரம். உள்ளே உலை கொதிக்கிற சத்தம் கேட்டது.

"அவ எங்க?" என்றேன்.

"யாருங்க?"

"என் சம்சாரம்."

அவருக்குப் புரியவில்லை. வீடு மாறி வந்துட்டீங்களா என்று மரியாதையாகத்தான் கேட்டார். அவரை ஒதுக்கித் தள்ளிவிட்டு உள்ளே போனேன். ஒரு அறை, ஒரு சமையல் கட்டு. சுருட்டிவைத்த பாய், ஆணியில் காக்கிச் சட்டை, அலமாரி மேல் இரண்டு பிள்ளைகளின் படம். பாத்ரூம் கதவைத் திறந்து பார்த்தேன். வாளியில் துணி ஊறிக்கொண்டிருந்தது. நான் போட்ட சத்தத்தில் தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் கேட்டுக்கு வந்துவிட்டார்கள். மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா இறங்கி வந்தார். என்னவென்று கேட்டார். நான் போனை நீட்டினேன். இங்கதான் காட்டுது பாருங்க, என் பொண்டாட்டி இங்கதான் இருக்கா, ரெண்டு வாரமா வர்றா என்று அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னேன். அவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து புள்ளியைப் பார்த்தார்கள். வாத்தியார் பாடம் நடத்தும்போது பிள்ளைகள் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

அந்த மனிதர் சண்டைக்கு வரவில்லை. அலமாரிக் கதவைத் தானே இழுத்துத் திறந்து காட்டினார். மூன்று சட்டையும் ஒரு பேன்ட்டும் தொங்கின.

"பாத்துட்டீங்களா? இன்னும் எங்கியாவது பாக்கணுமா?"

அப்போதாவது நான் தலைகுனிந்து வெளியே வந்திருக்க வேண்டும். பின்பக்கம் வழி இருக்கா என்று கேட்டேன். அந்த ஒரு கேள்விக்காக, தூங்கப் போகும்போதெல்லாம் இன்னமும் கண்ணை இறுக மூடிக்கொள்கிறேன். அவர் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார். அங்கே மதில் சுவர்தான் இருந்தது.

அங்கிருந்து நேராக வேங்கிக்காலுக்கு ஓட்டினேன். வகுப்பு நடக்கும் கட்டடத்தைச் சுற்றி எல்லாம் காலி மனை. நானே அளந்து கல் நட்ட மனைகள் சில அதில் இருந்தன. மாடி ஏறினேன். வாசலில் செருப்புகள் கிடந்தன, அவளுடையதும் கிடந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, பேனா மூடியைக் கடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை.

நடையில் நின்றபடி என் போனை எடுத்தேன். அவளுடைய புள்ளி செங்கம் ரோட்டுத் தெருவில் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே என்னுடைய புள்ளியும் அங்கே தாவியது.

வாத்தியார் வெளியே வந்தார். யாரென்று சொன்னேன். இங்கே வைஃபை இருக்கிறதா என்று கேட்டேன். பாஸ்வேர்டு வேண்டுமோ என்று நினைத்து, சிரித்துக்கொண்டே உள்ளே சுவரில் மாட்டியிருந்த பெட்டியைக் காட்டினார். போன வாரம்தான் மாட்டினேன், செங்கம் ரோட்டுப் பக்கம் குடியிருந்தப்ப வீட்டுல வெச்சிருந்தது, காலி பண்ணும்போது கழட்டிக்கிட்டு வந்துட்டேன் என்றார். எந்த வீடு என்று கேட்டேன். பச்சைக் கேட் வீட்டுக்கு எதிர் வரிசையில், இரண்டு வீடு தள்ளி.

கான்கிரீட் கூரைக்குக் கீழே கோள் தெரியவில்லை. சுற்றிலும் வேறு வீடில்லாததால் வேறு பெட்டியும் இல்லை. இருக்கும் ஒரே பெட்டியைப் போன் அடையாளம் கண்டுகொண்டது. அது பழைய தெருவில் இருப்பதாகத்தான் பதிவில் இருந்தது. போன் தனக்குத் தெரிந்ததைச் சொன்னது. இதைத்தான் நான் வயலில் நின்று மற்றவர்களுக்குப் பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வகுப்பு முடியும்வரை கீழே காத்திருந்தேன். இறங்கி வந்தவள் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். கூட வந்த பெண்களிடம், எங்க வீட்டுக்காரர் கூட்டிக்கிட்டுப் போக வந்திருக்கார் என்றாள். வண்டியில் உட்கார்ந்து என் தோளில் கை வைத்தாள். போகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, ஒன்பது நாள் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று நினைத்தேன். அந்த மனிதரைப் பற்றி நினைத்தேனா என்றால், நினைக்கவில்லை. எனக்கு வந்த அவமானத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் அவர் அலுவலகத்துக்கு வந்தார். என் வண்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து விசாரித்துக் கண்டுபிடித்திருந்தார். என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, வேப்ப மரத்தடியில் நின்று பேசினார். விடியற்காலையில் பால் வண்டி ஓட்டுகிறவர். மனைவியும் பிள்ளைகளும் போளூருக்குப் பக்கத்தில் ஊரில் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் திறக்கும்போது இங்கே சேர்த்துவிடலாம் என்றுதான் அந்த வீட்டைப் பிடித்திருந்தார். இப்போது வீட்டுக்கார அம்மா காலி பண்ணச் சொல்லிவிட்டார். அதுகூடப் பெரிதில்லை என்றார். அந்தத் தெருவில் அவர் மனைவிக்குத் தூரத்து உறவு ஒருத்தர் இருந்தார். சேதி ஊருக்குப் போய்விட்டது.

"நாலு நாளா எங்க வீட்ல சரியா பேசல சார். நான் சொன்னா எடுபடல. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

அங்கேயே போன் போட்டுக் கையில் கொடுத்தார். மறுபக்கம் ஒரு பெண் குரல், யாருங்க என்றது. நான் யார் என்று சொன்னேன். என் போன் தப்பான வீட்டைக் காட்டிவிட்டது என்றேன். வைஃபை பெட்டியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அந்த அம்மா குறுக்கே கேட்டார்.

"அப்ப அந்தப் பொம்பள எங்க வீட்டுக்கு வரவே இல்லையா?"

"வரலைங்க. அது என் சம்சாரங்க. அவங்க கிளாஸ்ல இருந்தாங்க."

"கிளாஸுக்குப் போறாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுங்க."

"அவங்க சொல்லித்தான் தெரியுமா?"

"ஆமாங்க. சொல்லிட்டுத்தான் போனாங்க."

பின்னால் ஏதோ பாத்திரம் நகர்த்துகிற சத்தம் மட்டும் வந்தது.

"சொல்லிட்டுத்தான் போயிருக்காங்க" என்றார் அந்த அம்மா. என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. பிறகு, அவர்கிட்ட போனைக் குடுங்க என்றார்.

அன்று சாயங்காலமே வீட்டுக்கார அம்மாவைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் விளக்கினேன். எதிர் வரிசையில் வாத்தியார் குடியிருந்தது அவருக்கும் தெரியும். அவர் முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார், "அன்னிக்கு போன்ல காட்டுதுனு நீங்கதானே சொன்னீங்க. இன்னிக்கு போன் தப்புங்கறீங்க. உங்க வீட்டம்மா வந்து சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்."

வேறு வழியில்லாமல் போனதால்தான் மனைவியிடம் சொன்னேன். நல்லவனாகி நானாகப் போய்ச் சொல்லவில்லை. மகள் பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். மனைவி மாடியிலிருந்து துணி எடுத்துவந்து மடித்துக்கொண்டிருந்தாள். பௌர்ணமியிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். பாத்ரூம் கதவைத் திறந்ததைச் சொன்னேன். பின்பக்க வழியைக் கேட்டதை மட்டும் விட்டுவிட்டேன். அதையும் சொன்னேன், கொஞ்சம் பொறுத்து.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. முடித்ததும், காட்டுங்க என்றாள். போனைக் கொடுத்தேன். தன் புள்ளி எங்கள் வீட்டின் மேல் நிற்பதைப் பார்த்தாள். கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அன்னிக்கு நீங்க கூட்டிக்கிட்டுப் போக வந்தீங்களே," என்றாள். "அதுக்காகத்தான் வந்தீங்களா?"

ஆமாம் என்றேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அந்த ஒரு நாளைப் பற்றித்தான் கேட்டாள். நான் வந்து நின்றதைப் பற்றி அவள் தன் அக்காவிடமெல்லாம் போனில் சொல்லியிருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் இருவரும் அந்த வீட்டுக்குப் போனோம். வண்டியில் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸில் வந்தாள். நான் தெருமுனையில் காத்திருந்து சேர்ந்துகொண்டேன். குழாயடியில் அன்றிருந்த பெண்களில் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள். அவள் நேராக வீட்டுக்கார அம்மாவிடம் போய், தான் யார், எந்த வகுப்புக்குப் போகிறாள், எத்தனை மணிக்கு என்று, குழாயடிக்கும் கேட்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். நோட்டைக்கூடக் கொண்டுவந்திருந்தாள். ஒரு குற்றமும் செய்யாதவள் தேதிவாரியாக நோட்டைப் புரட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

அந்த மனிதர் கதவருகே வந்து நின்றார். மனைவி அவரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"அண்ணா, என்னத் தேடிக்கிட்டு உங்க வீட்டுக்குள்ள வந்துட்டாங்க. மனசுல வெச்சிக்காதீங்க."

நான் சொல்லியிருக்க வேண்டியது அது. வருவதற்கு முன் வாய்க்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். அவள் சொல்லி முடித்த பிறகு நானும் என்னவோ முணுமுணுத்தேன். அவர் அவளுக்குப் பதில் சொன்னார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

வீட்டுக்கார அம்மா மனம் மாறிவிட்டார். இருந்துக்கப்பா, நான் ஒண்ணும் சொல்லலை என்றார். அவர்தான் இருக்கவில்லை. தண்ணி புடிக்கப் போனாலும் பாக்கறாங்கம்மா, என் பசங்கள இங்க கூட்டிக்கிட்டு வந்து எப்படி வெச்சிக்கறது என்றார். பத்து நாளில் காலி செய்துகொண்டு போளூருக்கே போய்விட்டார். அங்கிருந்து வந்து வண்டி எடுக்க நடுராத்திரியில் எழுந்திருக்க வேண்டியிருக்கும். பிள்ளைகள் அந்த வருடம் திருவண்ணாமலையில் சேரவில்லை. அவர் மனைவி பேச ஆரம்பித்துவிட்டார் என்று மட்டும் கேட்டபோது சொன்னார். அதற்கு மேல் அவரிடம் கேட்க எனக்கு உரிமையில்லை.

வீட்டில், நான் அந்தப் பகிர்வை நிறுத்திவிடுகிறேன் என்று சொன்னபோது மனைவி வேண்டாம் என்றாள். "இருக்கட்டும், பாத்துக்கங்க" என்றாள். அடுத்த செவ்வாய்க்கிழமை வகுப்புக்குக் கிளம்பும்போது போனைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டுப் போனாள். வியாழனும் வைத்துவிட்டுப் போனாள். நான் வயலில் நின்று பார்க்கக்கூடாது என்று இருந்தும் ஒரு முறை பார்த்தேன். புள்ளி வீட்டில் இருந்தது. அன்று சாயங்காலம், அவள் எதிரிலேயே, அவள் போனிலும் என் போனிலும் எல்லாவற்றையும் அழித்தேன். சனிக்கிழமை அவள் போனை எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சில கேள்விகளைக் கேட்க முடியாமல் போய்விட்டது. எந்த பஸ், யார் வந்தார்கள், என்ன பாடம் என்று மற்ற வீடுகளில் சாதாரணமாகக் கேட்பதை நான் வாயெடுத்தால், அவள் எல்லாவற்றுக்கும் ஒழுங்காக, சாட்சி சொல்வதுபோலப் பதில் சொல்லுவாள். அதனால் கேட்பதை விட்டுவிட்டேன். ராத்திரிச் சாப்பாட்டில் மகள்தான் பேசுவாள். அம்மா முன்ன மாதிரி கிளாஸ் கத சொல்லவே மாட்டேங்கறாங்க என்று ஒரு நாள் மகள் குறைபட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பரீட்சை ஆரணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. நான் கூட வரட்டுமா என்று கேட்கவில்லை. அவள் தோழிகளோடு பஸ்ஸில் போய்விட்டு மூன்று மணிக்குத் திரும்பினாள். கை கால் கழுவிவிட்டு வந்து, விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாள். நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"எனக்கு முன்னாடி பெஞ்சுல ஒரு பொண்ணு," என்று அவளாகவே ஆரம்பித்தாள். "கைக்குழந்தையோட வந்திருக்கு. வெளிய அதோட மாமியார் குழந்தைய வெச்சிக்கிட்டு நிக்கறாங்க. குழந்த அழுவுது, இது உள்ள எழுதிக்கிட்டே அழுவுது."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். அந்தப் பெண் பரீட்சையை முழுதாக எழுதினாளா என்று கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்கவில்லை. மனைவி தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தாள். எங்கே விட்டோம் என்று யோசிப்பவள்போல ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு மீதியையும் சொன்னாள்.